இறக்கியது, இறங்கியது

“இறங்கின்னுதான் சொன்னேன். இறங்கி! எத்தனை தடவை சொல்றது?”

“இறக்கின்னு சொன்னே. என் காதுல விழுந்தது இறக்கி.”

“உங்க காது என்ன கோர்ட்டா? விழுந்ததெல்லாம் தீர்ப்பா? அந்தக் கம்ப்ரசர் உறுமிக்கிட்டு இருக்கும்போது உங்க காதுல எது—”

“தெரியுதுல்ல? அப்போ எதுக்கு அங்கேருந்தே கத்தினே? எழுந்து வந்து சொல்லியிருக்கலாமே?”

“ஒரு கையில போன், இன்னொரு கை முழுக்க சோப்பு. நீங்க ஜீப்புக்கு அடியில படுத்துக்கிட்டு ‘வரட்டும், வரட்டும்’னு சொன்னீங்க. சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன். காத்தை இறக்கியிருக்கான்னா வரட்டும்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்லுவேன்? விழுந்து சாகட்டும்னா சொல்லுவேன்?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த கிரீஸ் மீசையில் ஒட்டியது. வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

இருவருக்கும் நடுவே மேசைமேல் அந்தப் பின்சக்கரம் கிடந்தது. டயர் ஒரு பக்கம் ரிம்மை விட்டுக் கழன்று, அடிபட்ட உதடு போலத் தொங்கியது. உள்ளேயிருந்து கிழிந்த டியூப் எட்டிப் பார்த்தது. முந்தாநாள் மலையிலிருந்து இறங்கும்போது இந்தச் சக்கரம்தான் காலை வாரியது. வண்டியில் இருந்தவன் அவளுடைய தம்பி. இப்போது அவன் பெரிய ஆஸ்பத்திரியில் மல்லாக்கக் கிடக்கிறான். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கீழே போடுவதற்குள் டாக்டர் மீதியையும் சொல்லிவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது.

மலைமேல், சாலை போய்ச் சேராத குடியிருப்புகளுக்கு மருந்துப் பெட்டி ஏற்றிச் செல்லும் பைக்குகளைப் பராமரிக்கிற பட்டறை அது. கணவர் மெக்கானிக். மனைவி சக்கரங்களைக் கழுவுவாள், ஆரங்களைத் தட்டிப் பார்ப்பாள், டயரில் கல்லோ கம்பியோ ஏறியிருந்தால் பிடுங்குவாள், காற்று அளப்பாள், போன் எடுப்பாள். தம்பி “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மற்ற ஓட்டிகளுக்கும் மருந்து நிலையத்தில் இருப்பவர்களுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். ஒருமுறை அவசரத்தில் கணவரே “அக்கா, அந்த லிவரை எடு” என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் ஓட்டிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பட்டறையில் ‘இறக்கி’ என்பதும் ‘இறங்கி’ என்பதும் ஒன்றல்ல. கல்லும் மணலுமான பாதையில் டயர் விறைப்பாக இருந்தால் வண்டி துள்ளும், பிடிப்பு கிடைக்காது. அதனால் ஓட்டுகிறவனே வால்வைத் திறந்து அளவாகக் காற்றை இறக்கிக்கொள்வான். ரப்பர் கொஞ்சம் தளர்ந்து தரையைக் கவ்விக்கொள்ளும். எல்லோரும் செய்வதுதான். காற்று தானாக இறங்கினால் அது வேறு கதை. எங்கோ ஓட்டை.

“இறக்கினது நிக்கும். இறங்குறது நிக்காது.” புதிதாகச் சேரும் ஓட்டிகளுக்கு மெக்கானிக் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. இப்போது அதையே மனைவியிடமும் சொன்னார். “உனக்குத் தெரியாதா? இறங்கியிருக்குன்னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்திருந்தா, இருக்கிற இடத்துலயே இருடான்னு சொல்லியிருப்பேன். டியூபை எடுத்துக்கிட்டு நானே மேல போயிருப்பேன். அதுவும் பின்னாடி காலி ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கட்டியிருக்கான். அவ்வளவு கனத்தோட, காத்தில்லாத டயர்ல, அந்தக் கல்லுப் பாதையில...”

“அதைத்தான் நானும் சொல்றேன். உங்க காதுல விழலை.”

“முதல்ல அவன் இறக்கினானா, இறங்குச்சான்னு யாருக்குத் தெரியும்? அவனே இறக்கியிருக்கலாம். கொஞ்சம் அதிகமா இறக்கித் தொலைச்சிருக்கலாம்.”

“என் தம்பியா?”

“ஏன், உன் தம்பி தப்பே பண்ணமாட்டானா? வானத்துலேருந்து குதிச்சவனா?”

அவள் சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். காய்ந்த சேறு மேசைமேல் பொலபொலவென்று உதிர்ந்தது. கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கும் ரப்பர் துண்டுகளை அவர்கள் பட்டன் என்பார்கள். ஒவ்வொரு பட்டனாக விரலால் நெம்பிக்கொண்டே வந்தாள். சில முனை மழுங்கியிருந்தன. புறப்பட்ட அன்று காலை அவள் பார்த்தபோதும் அவை அப்படித்தான் இருந்தன, அதில் தப்பில்லை. ஒன்று மட்டும் வேரோடு கிழிந்து ஆடியது. அதை மடக்கினாள். அடியில் கம்பித் துண்டு ஒன்று, முனை மட்டும் தெரிய, உள்ளே புதைந்திருந்தது.

“இதைப் பாருங்க.”

“பார்த்தேன். நேத்தே பார்த்தேன்.”

“நேத்தே பார்த்துட்டு சும்மா இருந்தீங்களா?”

“விழும்போது குத்தியிருக்கலாம்.”

“விழும்போது குத்தினா டியூப் ஏன் சுத்துமுத்தும் மடிஞ்சு தேஞ்சிருக்கு? ரொம்ப தூரம் காத்தில்லாம உருண்டிருக்கு.” டயரைத் திருப்பி வால்வைக் காட்டினாள். “இதையும் பாருங்க. மூடி. மூடிமேல சேறு. திருகுற இடத்துல, இடுக்குல எல்லாம் அப்படியே காஞ்சு ஒட்டியிருக்கு. காத்தை இறக்கணும்னா மூடியைத் திறக்கணும்ல? திறந்தா சேறு உடையாதா? இந்த மூடியை யாருமே தொடலை. அவன் இறக்கலை. தானா இறங்கியிருக்கு. அதைத்தான் போன்ல சொல்லியிருக்கான்.”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

“சரி,” என்றார். “அவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்.”

“நானும் சரியாத்தான் சொன்னேன்.”

“அதுதான் எப்படின்னு கேக்குறேன்.”

“எப்படின்னா? போடுங்க கம்ப்ரசரை. போய் அடியில படுங்க. நான் அன்னிக்கு நின்ன இடத்துல நிக்கிறேன். அதே மாதிரி கத்துறேன். உங்க காது லட்சணம் தெரிஞ்சு போயிரும்.”

“பைத்தியமா உனக்கு? நாடகம் போடுற நேரமா இது?”

“போடுங்கன்னா போடுங்க!”

அவர் போட்டார். கம்ப்ரசர் இருமி, தொண்டையைக் கனைத்து, பிறகு உறுமத் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் நடுங்கின. அவர் பழுதுக்கு வந்திருந்த ஒரு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார். இரண்டு செருப்புகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் வாசல் பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று, போன் இல்லாத வெறுங்கையைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்த நாள் அப்படியே வந்து முன்னால் நின்றது. தொட்டியில் நுரை. காதில் தம்பியின் குரல், காற்றில் அலைந்து, பாதி விழுந்தும் பாதி விழாமலும். கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தாள். கத்தினாள்.

“என்னங்க! பின் சக்கரத்துல காத்து இறக்கியிருக்கானாம்!”

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டிக்கு அடியில் செருப்புகள் அசையவில்லை. பிறகு மெல்ல மெல்ல அவர் வெளியே வந்தார். எழுந்து போய்க் கம்ப்ரசரை நிறுத்தினார்.

அவள் காதில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். இறங்கியிருக்காம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ‘இறக்கியிருக்கானாம்’ என்று வந்தது. அந்த ‘னாம்’ நாக்கில் ஏற்கெனவே தடம் போட்டு வைத்திருந்தது போல வழுக்கிக்கொண்டு வந்தது. எத்தனையோ ஓட்டிகள் எத்தனையோ முறை போன் செய்து காத்து இறக்கியிருக்கேன் அக்கா என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தனை முறையும் அவள் அதைத்தான் கணவருக்குக் கத்திச் சொல்லியிருக்கிறாள். அன்றும் தம்பி சொன்னதை அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழகியதைக் கேட்டாள்.

“அவன் வேற என்ன சொன்னான்?” மெக்கானிக் கேட்டார். கோபம் இல்லாத குரல். கோபமாகவே கேட்டிருக்கலாம்.

“வேற ஒண்ணும்...”

“யோசிச்சுச் சொல்லு.”

“‘மாமாகிட்ட கேளு’ன்னான்.”

“என்ன கேக்கச் சொன்னான்?”

“வரலாமான்னு.”

“இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“நீங்கதான் வரட்டும்னுட்டீங்களே. அதுதானே பதில்னு...”

“தானே காத்தை இறக்கினவன், வரலாமான்னு எதுக்குக் கேக்கணும்?”

அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நனைகிறது என்பதுகூடத் தெரியவில்லை. அவர் அருகே வந்தார். தோளைத் தொடப் போய், கையிலிருந்த கிரீஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“இங்க பாரு. மதியம் சூப்பர்வைசர் வர்றாங்க. நான் பேசிக்கிறேன். நீ வாயே திறக்காதே. போனே வரலை. அவ்வளவுதான்.”

“வரலையா?”

“அவன் போன் விழுந்து நொறுங்கிப் போச்சு. யார் தோண்டிப் பார்க்கப் போறா? அவனுக்கும் விழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. ஏறுறதுக்கு முன்னாடி டயர் பார்க்கலைன்னு ஆகிப்போகும்.”

“அவன் பார்க்கலைன்னா?”

“வேற எப்படிச் சொல்றது?”

“அவன் பார்த்ததாலதானே போன் பண்ணினான்!”

“அவன் இனிமே வண்டி ஏறப் போறதில்லை. அவன் டயரைப் பார்த்தான், பார்க்கலைங்கிறதால இனிமே அவனுக்கு என்ன ஆகப்போகுது? நீதான் நாளைக்கும் இதே தொட்டியில நின்னு சக்கரம் கழுவணும். ஒவ்வொருத்தனும் உன் முகத்தைப் பார்த்துட்டுத்தான் மலை ஏறணும். அக்கா சொன்னதாலதான் அவன் இறங்கினான்னு தெரிஞ்சா...” அவர் முடிக்கவில்லை. “எனக்காகச் சொல்லலை. உனக்காகத்தான் சொல்றேன்.”

அப்படியெல்லாம் வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். வாசலில் நிழல் விழுந்தது.

தம்பியின் மனைவி நின்றிருந்தாள். தையல்காரி. எங்கே போனாலும் தோளில் நூல் துணுக்குகளோடுதான் போவாள். இன்றும் ஒரு நீல நூல் தோளில் ஒட்டியிருந்தது. முகம் இரண்டு நாளில் வற்றிப்போயிருந்தது.

“அண்ணி, அவரோட வேலைப் பேன்ட் இங்க ரெண்டு கிடக்கும்ல? அதைக் கொடுங்க.”

“எதுக்கும்மா இப்போ?”

“ரெண்டு பக்கமும் மேலேருந்து கீழவரைக்கும் பிரிச்சு நாடா வெச்சுத் தைக்கணும். படுத்தபடியே போட்டுவிட அதுதான் வசதியாம். நர்ஸ் சொன்னாங்க.” சட்டென்று சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அவளுக்கு. “கல்யாணமான புதுசுல கால் நீளமா இருக்கு, வெட்டிக் குறைச்சுக் கொடுன்னு என்னைப் பாடாப் படுத்துவாரு. இப்போ எப்படித் தெச்சாலும் ஒண்ணும் சொல்லமாட்டாரு.”

அக்கா உள்ளே போய் ஆணியிலிருந்த இரண்டு பேன்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றின் முழங்காலில் பச்சை மண். கொடுக்குமுன் அதைத் தட்டினாள். தட்டிக்கொண்டே நின்றாள்.

“போதும் அண்ணி. நான் துவைச்சுக்கிறேன்.”

“வலிக்குதாமா அவனுக்கு?”

“வலிச்சாத் தேவலையே. வலிக்கலைன்னுதான் அழறாரு.” பேன்ட்டுகளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “இன்னொண்ணு. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்குறாரு. டயர் பார்த்தேனா, பார்த்தேனான்னு. சிலிண்டரைக் கட்டினது வரைக்கும் ஞாபகம் இருக்காம். அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லையாம். நான் என்னத்தைக் கண்டேன்? டயருன்னா வட்டமா இருக்கும், அது வரைக்கும் தெரியும். உங்களுக்குத்தான் விவரம் தெரியும். சாயந்திரம் வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க அண்ணி. நீங்க சொன்னா நம்புவாரு.”

“வர்றேன்.”

“அண்ணே, நீங்களும் வாங்க.”

“எனக்கு வேலை இருக்கும்மா,” என்றார் மெக்கானிக். கிரீஸ் டப்பாவிடம் சொன்னது போலிருந்தது.

அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவர அக்கா கூடவே நடந்தாள். வழியில் தையல்காரி எதையெதையோ பேசிக்கொண்டு வந்தாள். கட்டிலை எந்த அறையில் போடுவது, கழிப்பறை வாசல் அகலம் போதுமா, தையல் மெஷின் சத்தம் அவனுக்குத் தொந்தரவாக இருக்குமா. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முனையில் நின்று, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றாள்.

“சொல்லுங்க.”

“தோள்ல நூல்.”

தையல்காரி அதை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் தண்ணீர் ஓடியது. சேறு கலந்த தண்ணீர் சாக்கடையை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. தொட்டியடியில் மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, பிரஷ் வைத்துச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சக்கரம் கழுவி அவள் பார்த்ததில்லை. தெரியாத வேலையைச் செய்கிறவர் தேய்ப்பது போலத்தான் தேய்த்தார், ஒரே இடத்தில். வால்வு மூடி பளபளத்தது. கம்பித் துண்டு இருந்த இடத்தில் சின்ன ஓட்டை மட்டும் இருந்தது.

“அது என் வேலை,” என்றாள் அவள்.

“இன்னிக்கு என் வேலை.”

பிரஷைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினாலும் சேறு திரும்ப வந்து ஒட்டாது. அவள் துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தாள்.

சூப்பர்வைசர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். நடுத்தர வயதுப் பெண். அவரும் ஒரு காலத்தில் மருந்துப் பெட்டி ஏற்றிப் போனவர்தான், நடையில் இன்னும் லேசான சாய்வு இருந்தது. வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேசைக்குப் போனார்.

“இதுதானா?”

“ஆமாங்க மேடம்.”

“மத்த சக்கரமெல்லாம் மண்ணும் சேறுமா இருக்கு. இது மட்டும் குளிச்சுட்டு உக்காந்திருக்கே?”

“ரத்தம் இருந்துச்சு மேடம்,” என்றார் மெக்கானிக். “இவ பார்த்துப் பார்த்து அழறா.”

சக்கரத்தில் ரத்தம் இல்லை. தம்பி விழுந்தது பத்தடி தள்ளி. அது அக்காவுக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாது. அவர் முகம் இளகியது. தலையை ஆட்டிக்கொண்டார்.

“காலையில போகும்போது யார் பார்த்தது?”

“நான்தான்,” என்றாள் அக்கா. அது ஒன்றுதான் அன்று அவள் தயங்காமல் சொன்ன வார்த்தை. “பட்டன், காத்து, ஆரம், நட்டு, எல்லாம் பார்த்தேன். நல்லா இருந்துச்சு.”

“அப்போ மேல போற வழியில ஏதோ ஏறியிருக்கு. இறங்குறதுக்கு முன்னாடி ஓட்டுறவர் பார்த்திருக்கணும். பார்த்திருந்தா கீழ சொல்லியிருப்பார்.” சூப்பர்வைசர் இருவரையும் பார்த்தார். “சொன்னாரா? போன் ஏதாவது வந்துச்சா?”

“இல்லைங்க மேடம்,” என்றார் மெக்கானிக்.

“நீங்கதானேம்மா போன் எடுக்குறது?”

அக்கா தொட்டியைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் வாய் செய்த காரியத்துக்குப் பிறகு அவள் அதை நம்பவில்லை. தலையை ஆட்டினாள். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். சூப்பர்வைசர் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

“நல்ல பையன்,” என்றார் கிளம்பும்போது. “எப்பவும் ஜாக்கிரதையா இருக்கிற ஆளு. ஒருநாள் அசந்துட்டான் போல. இப்போ நேரா அவனைப் பார்க்கத்தான் போறேன். குத்தம் சொல்லமாட்டேன், கவலைப்படாதீங்க. ஆனா மத்தவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். இல்லைன்னா இன்னொருத்தன் விழுவான்.”

அவர் போன பிறகு மெக்கானிக் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.

“முடிஞ்சுது,” என்றார் அவர்.

“யாருக்கு?”

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், அதன் மணம் மருந்து வாடையை மீறி எழுந்தது. தம்பியின் கட்டில் ஜன்னல் ஓரம். கழுத்தைத் திருப்ப முடியாமல் பட்டை போட்டிருந்தார்கள். அதனால் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“நடையை வெச்சே கண்டுபிடிச்சேன். அக்கா நடந்தா ஈரச் செருப்பு சத்தம் வரும்.”

“இன்னிக்குக் காஞ்ச செருப்புடா.”

“பொய் சொல்லாதே.”

அவன் பேன்ட் இடுப்பில் நாடா கட்டியிருந்தது. தையல்காரி அதற்குள் ஒன்றைத் தைத்து முடித்துப் போட்டும் விட்டிருந்தாள். போர்வைக்குக் கீழே இரண்டு பாதங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தன. அக்கா அவற்றைப் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமா வரலையா?”

“வேலை.”

“அவருக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம். ஊசியைப் பார்த்தா மயங்கி விழுவாரு. டயருக்குள்ள லிவரை விட்டு அந்த நெம்பு நெம்புற மனுஷன்.” சிரித்தான். சிரிப்பு நெஞ்சோடு நின்றுவிட்டது. “மேடம் வந்துட்டுப் போனாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் திட்டலை. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு. ‘பார்க்காம ஏறிட்டே போல, நடக்கும் தம்பி’ன்னாங்க. நான் சரின்னுட்டேன். ஞாபகமே இல்லாதப்போ இல்லைன்னு எப்படிச் சொல்றது?” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “பசங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டாங்க. தாராளமா சொல்லுங்க, என் பேரைச் சொல்லியே சொல்லுங்கன்னேன். ஒருத்தனாவது குனிஞ்சு பார்ப்பான்ல?”

“நீ எதுக்குடா அப்படிச் சொன்னே?”

“பின்ன? செஞ்சது நான். யார் தலையில கட்டறது? உன் தலையிலயா? நீ காலையில பார்த்துத்தானே அனுப்பினே.”

பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சுச் சுளை இரண்டை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள். தையல்காரி ஜன்னலோரம் நின்று அடுத்த பேன்ட்டின் பக்கத் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூல் அறுபடும் சத்தம் சன்னமாகக் கேட்டது.

“ராத்திரியெல்லாம் இதையேதான் யோசிச்சேன் அக்கா. கட்டை விரலால அழுத்திப் பார்க்காம நான் சைக்கிள்லகூட ஏறினதில்லை. இவளைக் கேளு, வாடகை சைக்கிள் எடுத்தாக்கூட அழுத்திப் பார்ப்பேன். சரி, அன்னிக்குப் பார்க்கலைன்னே வெச்சுக்கோ. சிலிண்டரைத் தூக்கினதுல கை கடுத்திருக்கும், மறந்துட்டேன். ஒத்துக்கிறேன். மனசும் ஆறிப்போகும். கால் போனதுக்கு நானேதான் காரணம்னா யார் மேலயும் ஆத்திரம் இருக்காது பாரு, அது ஒரு வகையில நல்லது. நிம்மதியாப் படுத்துக் கிடக்கலாம்.”

“பேசாதே. மூச்சு வாங்குது உனக்கு.”

“ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது.”

தையல்காரி நூலைக் கடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அக்காவின் உள்ளங்கையில் சுளை நசுங்கி, சாறு மணிக்கட்டு வழியே வழிந்தது. தம்பியால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அவள் முகம் தெரிகிறதா என்று தேடினான்.

“உனக்கு ஒரு போன் பண்ணாம நான் ஒருநாளும் மலை இறங்கினதில்லையே, அக்கா?”